மட்டையும் மண்ணும் – 6: தோற்கவிருந்த ஆட்டங்கள்

1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 24-1 என்று வென்றோம். 1936-இல் பெர்லினில் ஜெர்மனியை 8-1. 1952-இல் ஹெல்சிங்கியில் நெதர்லாந்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பல்பீர் சிங் ஒருவரே ஐந்து கோல் போட்டார். கடந்த ஐந்து பகுதிகளிலும் இந்தப் பெருவெற்றிகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தோம். ஆனால் ஹாக்கி ரசிகர்கள் நாலு பேர் கூடினால் அந்த 24 கோலைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவர்கள் பேசுவதெல்லாம் கைவிட்டுப் போகவிருந்த ஆட்டங்களைப் பற்றித்தான். அஞ்சு நிமிடம் பாக்கி, ஒரு கோல் பின்னால், எதிரணியின் சொந்த ஊர், அரங்கம் முழுக்க அவர்களுடைய ஆள். அப்படிப்பட்ட ஆட்டம் ஒருவர் மனதில் ஐம்பது வருஷம் தங்கிவிடுகிறது. இந்தப் பகுதி அந்த ஆட்டங்களுக்கானது.

தெற்கு அந்தமானில் சௌல்தாரியில் இருந்துகொண்டு ஹாக்கி வரலாறு எழுதுவதில் எனக்கு ஒரு வசதி உண்டு. தீவில் பெரிய ஆட்டம் கால்பந்துதான். ஆனாலும் இந்திய ஹாக்கியைத் தங்கள் சொத்தாகவே நினைக்கும் இரண்டு கூட்டத்தார் இங்கே அக்கம்பக்கமாக வாழ்கிறோம். ஒன்று, தமிழர்களாகிய நாங்கள். இன்னொன்று, ராஞ்சிக்காரர்கள். காடு வெட்டும் வேலைக்காக 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட முண்டா, ஓரான், காரியா மக்களின் வாரிசுகள் அவர்கள். அவர்களுடைய பூர்வீக மண்ணில் மூங்கிலை வளைத்து மட்டை செய்து ஆடும் பழக்கம் இன்றும் உண்டு. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் அணிக்குத் தலைமை தாங்கிய ஜெய்பால் சிங் முண்டா அந்த மண்ணில் பிறந்தவர். எங்கள் பக்கம் சொல்லிக்கொள்ள எம்.ஜே. கோபாலன் இருந்தார், 1936-இல் பெர்லினுக்குப் போகும் ஹாக்கி அணியா, இங்கிலாந்துக்குப் போகும் கிரிக்கெட் அணியா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்து, தங்கப் பதக்கத்தைத் தவறவிட்டவர். 1960, 1964, 1968 என மூன்று ஒலிம்பிக் ஆடி வெள்ளி, தங்கம், வெண்கலம் என மூன்று நிறமும் கொண்டுவந்த வி.ஜே. பீட்டர் இருந்தார். ஆக, ஓர் ஆட்டத்தை இங்கே இரண்டு கண் கொண்டு பார்க்கலாம். ஒரே ஆட்டத்தில் நாங்கள் ஒருவரைத் தேடுவோம், அவர்கள் இன்னொருவரைத் தேடுவார்கள். 1975 மார்ச் மாதத்தில் அப்படித்தான் நடந்தது.

அதற்கு முன் 1973-ஐச் சொல்லியாக வேண்டும். அந்தக் காயம் தெரியாமல் 1975 புரியாது. நெதர்லாந்தில் ஆம்ஸ்டல்வீன் நகரில் நடந்த இரண்டாவது உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், ஆட்டத்தை நடத்திய நாட்டையே எதிர்த்து ஆடிய இந்தியா 2-0 என்று முன்னால் இருந்தது. இரண்டையும் திருப்பிக் கொடுத்தது. கூடுதல் நேரத்தில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. அது உள்ளே போயிருந்தால் கோப்பை நம்முடையது. போகவில்லை. பிறகு பெனால்டி ஸ்ட்ரோக்குகளில் நெதர்லாந்து வென்றது. 1971 பார்சிலோனாவில் வெண்கலம், 1973-இல் வெள்ளி. அடுத்தது என்ன என்பதுதான் கோலாலம்பூருக்குப் புறப்பட்ட அணியின் முன் இருந்த ஒரே கேள்வி.

அந்த அணிக்கு அஜித்பால் சிங் தலைவர். நடுக்களத்தில் நின்று பந்தை வாங்கி, தலையை நிமிர்த்திப் பார்த்து, வேண்டிய இடத்துக்கு அனுப்பும் சென்டர் ஹாஃப். மேலாளர் நாம் முன்பே சந்தித்த பழைய பல்பீர் சிங். பயிற்சியாளர் குர்சரண் சிங் போதி. சண்டிகரில் நீண்ட முகாம் நடத்திவிட்டுத்தான் கிளம்பினார்கள். அணியில் சென்னையிலிருந்து வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார், பீட்டரின் தம்பி. வலது ஓரத்தில் கோடு ஒட்டி ஓடும் ஃபார்வர்டு. பின்வரிசையில் சிம்டேகா பக்கத்து மைக்கேல் கிண்டோ இருந்தார். 1972 மியூனிக்கில் வெண்கலம் வென்ற அணியின் ஃபுல் பேக், அந்த ஆண்டே அர்ஜுனா விருது பெற்றவர். எங்கள் வீடுகளுக்கு பிலிப்ஸ் என்றால், ராஞ்சிக்காரர் வீடுகளுக்கு கிண்டோ.

தொடக்கம் சரியில்லை. ஆஸ்திரேலியாவுடன் 1-1. யாரும் பொருட்படுத்தாத அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோல்வி. கானாவை 7-0 என்று அடித்தது ஆறுதல். மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்றது தப்பிப்பிழைத்தல். அப்படித் தட்டுத்தடுமாறித்தான் அரையிறுதிக்கு வந்து சேர்ந்தது இந்தியா. எதிரே மலேசியா.

இந்த அரையிறுதியைத்தான் இந்திய ஹாக்கியின் ஆகச் சிறந்த ஆட்டமாக நான் வைப்பேன். இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை வென்றதை மேலே வைப்பவர்கள் அதிகம். அவர்களுடைய நியாயம் எனக்கும் தெரியும். ஆனால் பாகிஸ்தானிடம் தோற்றிருந்தால் வெள்ளியாவது மிஞ்சியிருக்கும். மலேசியாவிடம் தோற்றிருந்தால், நான்கு வருஷத்து உழைப்பு, அஜித்பாலின் தலைமுறை, அசோக் குமாரின் ஆட்டம் எல்லாமே ஒரு அடிக்குறிப்பாகப் போயிருக்கும்.

மெர்டேகா அரங்கம் நிரம்பி வழிந்தது. மலேசிய அணியிலும் தமிழ்ப் பெயர் ஒலித்தது; ஸ்ரீ சண்முகநாதன் அவர்களுடைய முக்கிய ஆட்டக்காரர். கோலாலம்பூர்த் தமிழர்களில் எத்தனை பேர் எந்தப் பக்கம் நின்று கத்தினார்களோ, அந்த மனப் போராட்டத்தை எழுதினால் அது ஒரு தனிப் புத்தகம். மலேசியா முதலில் கோல் போட்டது. சிவாஜி பவார் அதைச் சமன் செய்தார். மலேசியா மறுபடியும் முன்னால் போனது, 2-1. அப்புறம் கதவைச் சாத்திவிட்டார்கள். இந்தியாவுக்குப் பெனால்டி கார்னர்கள் வந்துகொண்டே இருந்தன. எதுவும் உள்ளே போகவில்லை. அன்றைக்கு ஆட்டம் 70 நிமிடம். கடிகாரம் 60-ஐத் தாண்டிவிட்டது.

அப்போது போதி ஒரு மாற்றம் செய்தார். கிண்டோவை வெளியே அழைத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கான் உள்ளே போனார். வயது 21. போபாலைச் சேர்ந்தவர். தந்தை அகமது ஷேர் கான், 1936 பெர்லின் தங்க அணியில் தியான் சந்துடன் ஆடியவர்.

பெனால்டி கார்னர் என்றால் இன்றைய ரசிகர் கண்ணுக்கு வருவது நீலத் தரையில் மட்டையால் பந்தை வளைத்து இழுத்து வீசும் டிராக் ஃபிளிக். அன்றைக்கு அது வேறு. தரை இயற்கைப் புல். கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிட வேண்டும். புல்லில் துள்ளி வரும் அந்தப் பந்தை வட்டத்தின் விளிம்பில் இன்னொருவர் மண்டியிட்டுக் கையால் அமுக்கி நிறுத்துவார். அப்போது அதற்கு அனுமதி உண்டு. கையை எடுத்த அதே கணத்தில் மூன்றாமவர் ஓங்கி அடிக்க வேண்டும். எதிரணியினர் அதற்குள் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள். பந்து ஒரு விரற்கடை துள்ளினாலும் அடி பிசகும். மூன்று பேரின் கை ஒரே தாளத்தில் இயங்கினால்தான் கோல். வந்து இறங்கிய சூட்டோடு, இன்னும் உடம்பில் வேர்வைகூட வராத ஒரு இளைஞனை அந்த மூன்றாமவராக நிறுத்தினார்கள்.

அஸ்லம் கழுத்தில் கிடந்த தாயத்தை எடுத்து முத்தமிட்டார். அடித்தார். பந்து வலைக்குள் இருந்தது. 65-ஆவது நிமிடம், 2-2.

கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் மூன்றாவது கோலைப் போட்டார். 3-2. ஆட்டம் முடிந்தது.

அன்றைக்கு இங்கே தொலைக்காட்சி கிடையாது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கப்பல் மூன்று நாள் ஓடும். நாளிதழ் வந்து சேர்ந்து செய்தி படிப்பதற்குள் கோப்பையே முடிந்துவிடும். ஆகாசவாணிதான் துணை. ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனை. தீவில் பொதுமொழி இந்தி என்பதால் தமிழ் வீட்டுப் பெரியவர்களுக்கும் அவர் குரல் நேராகப் போய்ச் சேர்ந்தது. பந்து வேகமெடுத்தால் அவர் குரலும் வேகமெடுக்கும். டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே அரங்கத்தின் இரைச்சலில் முடிவு தெரிந்துவிடும். அந்த அரையிறுதியைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேசும்போது அஸ்லமின் அடியில் தொடங்குவார்கள். எனக்குத் தெரிந்த ராஞ்சிக்காரப் பெரியவர் ஒருவர் மட்டும் எப்போதும் கிண்டோவில்தான் தொடங்குவார். கிண்டோ வெளியே வரும்போது முகம் சுளிக்கவில்லை என்பார். அந்த அறுபது நிமிடமும் மலேசியாவை இரண்டோடு நிறுத்தி வைத்தது யார் என்று கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோல் போட்டவர் பெயரை வரலாறு எழுதுகிறது; தடுத்தவர் பெயரை எழுத இடம் போதுவதில்லை. ரூர்கேலா எஃகு ஆலையில் வேலை பார்த்து, 2020 டிசம்பர் 31 அன்று மறைந்த மைக்கேல் கிண்டோவின் பெயர் இந்தத் தொடரிலாவது அதற்குரிய இடத்தில் இருக்கட்டும்.

மார்ச் 15 இறுதி ஆட்டம். பாகிஸ்தானின் ஜாகித் ஷேக் முதல் கோல். இடைவேளைக்குப் பிறகு பெனால்டி கார்னரில் சுர்ஜித் சிங் சமன் செய்தார். பிறகு 51-ஆவது நிமிடம்: அசோக் குமாரின் அடி கோல் கம்பத்தின் மூலையில் பட்டு, பட்ட வேகத்தில் வெளியே தெறித்தது. உள்ளே போய் வந்ததா, கம்பத்தோடு திரும்பியதா? பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மலேசிய நடுவர் விஜயநாதன் கோல் என்று கை காட்டினார்; அசையவில்லை. 2-1. இன்று வீடியோ நடுவர் இருக்கிறார். அன்றைக்கு இருந்தது ஒரு மனிதரின் கண்ணும் அவருடைய துணிச்சலும். அசோக் குமார் தியான் சந்தின் மகன். 1936-இல் ஒரே அணியில் ஆடிய இருவரின் பிள்ளைகள், அரையிறுதியில் ஒருவரும் இறுதியில் ஒருவரும், இந்தியா வென்ற ஒரே உலகக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அதற்கு ஒரு ஜோடி சேரவில்லை.

அடுத்த ஆண்டு மான்ட்ரியல். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் நடந்தது. அப்போது இந்தியாவில் அப்படி ஒரு மைதானம்கூடக் கிடையாது. புல்தரையில் பந்து தடுமாறும், வேகம் குறையும். அந்தத் தடுமாற்றத்தை மணிக்கட்டாலே அடக்கி எதிராளியைத் தாண்டுவதுதான் நம் ஆட்டம். செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு நேராக ஓடும். நீளப் பந்தும் மூச்சும் உள்ளவன் ஜெயிப்பான். ஆஸ்திரேலியா 6-1 என்று வென்றது. உலகச் சாம்பியனாகப் போன இந்தியா ஏழாவதாகத் திரும்பியது. அந்த அணியில் சென்னை லயோலா கல்லூரியில் படித்த ஒரு லெஃப்ட் ஹாஃப் இருந்தார். வாசுதேவன் பாஸ்கரன்.

நான்கு வருஷம் கழித்து மாஸ்கோவில் அவர்தான் தலைவர்.

மாஸ்கோ தங்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒருவர் குறுக்கிட்டு, யார் ஆடினார்கள் என்று கேட்பார். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. பாகிஸ்தான் வரவில்லை, மேற்கு ஜெர்மனி வரவில்லை, நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வரவில்லை. மிஞ்சியது ஆறு அணிகள். உண்மை. 1978 உலகக் கோப்பையை வென்றிருந்த பாகிஸ்தான் வந்திருந்தால் முடிவு என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வராதவர்களை வைத்து வந்தவர்களின் ஆட்டத்தை அளப்பது முறையல்ல என்பது என் உறுதியான கருத்து. மாஸ்கோவிலும் செயற்கைத் தரைதான்; மான்ட்ரியலில் நம்மைக் கவிழ்த்த அதே தரை. அதில் இந்தியா எப்படி ஆடியது என்று பார்ப்போம்.

தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0. இவற்றை விட்டுவிடலாம். போலந்துடன் 2-2 டிரா. ஸ்பெயினுடன் 2-2 டிரா. சோவியத் அணியை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்ற ஆட்டம்தான் இறுதிக்கு வழிவிட்டது. லீக்கில் முதலிடம் ஸ்பெயினுக்கு, இந்தியா இரண்டாவது. ஸ்பெயின் ஒன்றும் சாதாரண அணி இல்லை. 1974-இல் ஐரோப்பியச் சாம்பியன்.

ஜூலை 29, இறுதி ஆட்டம். சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல் போட்டார். இடைவேளையில் 2-0. பிறகு மகராஜ் கிருஷ்ண கௌஷிக் மூன்றாவது. 3-0. இந்த இடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைக்காத இந்தியர் ஒருவர் அன்றைக்கு இருந்திருக்க முடியாது. 1973-ஐ நினைத்துப் பார்த்தவர்களைத் தவிர. ஸ்பெயினின் யுவான் அமாத் அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்தார். 3-2. மூன்று கோல் வித்தியாசம் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஆம்ஸ்டல்வீன் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

முகமது ஷாகித் என்று ஒரு பையன். வாரணாசிக்காரர். வயது 20. பந்தை மட்டையின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு முழு வேகத்தில் ஓடுவார். எதிரே நிற்பவருக்கு எந்தப் பக்கம் பாய்வது என்று தெரியாது. அவர் நான்காவது கோலைப் போட்டார். 4-2. அமாத் மறுபடியும் வந்தார், தன் மூன்றாவது கோல், 4-3. கடைசி நிமிடங்களில் ஸ்பெயின் விடாமல் மோதியது. கோல் காத்த பீர் பகதூர் சேத்ரியும் அவர் முன்னே நின்ற பின்வரிசையும் நான்காவது கோல் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பின்வரிசையில் சில்வானஸ் டுங்டுங் இருந்தார். சிம்டேகாக்காரர். தமிழர் தலைமை தாங்கிய தங்க அணியில் சோட்டா நாக்பூரின் ஆளும் உண்டு. இந்தத் தீவில் இருந்து பார்க்கும் எனக்கு, மாஸ்கோ அணியின் குழுப் புகைப்படத்தைப் போல மனதுக்கு நெருக்கமான படம் வேறில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்கில் நுழைந்ததும் அதே மாஸ்கோவில்தான். இந்தியப் பெண்கள் நான்காவதாக வந்தார்கள். புறக்கணிப்பால் காலியான இடத்தை நிரப்பக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட ஜிம்பாப்வே தங்கத்தை எடுத்துக்கொண்டு போனது. அவர்களைப் பார்த்து யாரும் அந்தத் தங்கத்தின் எடையைக் குறைத்துப் பேசுவதில்லை.

பாஸ்கரன் அணி வென்றது இந்திய ஹாக்கியின் எட்டாவது ஒலிம்பிக் தங்கம். ஒன்பதாவது இன்னும் வரவில்லை.

கைக்கு வந்து நழுவிய ஆட்டம் ஒன்றையும் இங்கே வைக்காவிட்டால் இந்தக் கணக்கு நேர்மையாக இருக்காது. சிட்னி, 2000. பயிற்சியாளர் அதே பாஸ்கரன். ஆடியவர்களில் தன்ராஜ் பிள்ளை. புனே பக்கத்துக் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், ஹாக்கியில் அவரைப்போல் ஓடியவரை என் தலைமுறை பார்த்ததில்லை. போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னால் இருந்தோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து சமன் செய்தது. அவ்வளவுதான். அரையிறுதி போயிற்று. இருபது வருஷத்துக்கு முன் மாஸ்கோவில் இந்தியாவுடன் டிரா செய்த போலந்து அன்றைக்கு ஒன்றும் கெடுக்கவில்லை. சிட்னியில் எல்லாவற்றையும் கெடுத்தது. அந்த ஒரு கோலுக்குப் பிறகு இந்திய ஹாக்கி இறங்கிய படிகள் பல. 2008-இல் சிலியின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, 1928-க்குப் பின் முதன்முறையாக ஒலிம்பிக்கிற்கே தகுதி பெறவில்லை. 2012 லண்டனில் போனோம். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது.

அதனால்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் நடந்தது வெறும் வெண்கலமாகத் தெரியவில்லை. இந்திய நேரம் காலை 7 மணிக்கு ஆட்டம். கிழக்கே தள்ளியிருக்கும் இந்தத் தீவில் அப்போது வெயில் நன்றாக ஏறிவிட்டிருக்கும். ஆள்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம். ஜெர்மனி 3-1 என்று முன்னால் போனது. இதே ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று நொறுங்கிய அணி இது. மறுபடியும் அதுதான் என்று நினைத்தேன். ஆனால் 27-ஆவது நிமிடத்தில் ஹர்திக் சிங், 29-இல் ஹர்மன்பிரீத் சிங், 31-இல் ரூபிந்தர்பால் சிங், 34-இல் சிம்ரன்ஜீத் சிங். எட்டு நிமிடத்துக்குள் நான்கு கோல், 5-3. ஜெர்மனி ஒன்றைத் திருப்பியது. ஆறு விநாடி இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார். நாற்பத்தொரு ஆண்டு கழித்து ஒரு பதக்கம். மூன்று நாள் முன்புதான் பெண்கள் அணி, குர்ஜீத் கவுரின் ஒற்றைக் கோலில் ஆஸ்திரேலியாவை வென்று அரையிறுதிக்குப் போயிருந்தது. அந்த அணியில் ஜார்க்கண்டின் சலீமா டேடேயும் நிக்கி பிரதானும் இருந்தார்கள். ராஞ்சிக்கார வீடுகளில் மைக்கேல் கிண்டோவின் பெயர் இருந்த இடத்தில் இப்போது பெண்பிள்ளைகளின் பெயர்களும் சேர்ந்துகொண்டன.

சென்னை, 2023 ஆகஸ்ட் 12. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம். ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே மறுபடியும் மலேசியா. கோலாலம்பூரைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு இந்த ஜோடியே போதும். இடைவேளையில் மலேசியா 3-1. நம் ஊரில், நம் கூட்டத்தின் முன்னால் இரண்டு கோல் பின்னால். மூன்றாவது கால் பகுதி முடியும் தறுவாயில் ஹர்மன்பிரீத் ஒன்று, குர்ஜந்த் சிங் ஒன்று, ஒரே நிமிடத்துக்குள் 3-3. 56-ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் நான்காவது. இந்திய அணியில் அரியலூர் கார்த்தி செல்வம் இருந்தார். 1975-இல் சென்னையின் பிலிப்ஸ் இருந்த இடம் என்று வைத்துக்கொண்டால், இப்போது அந்த இடம் சென்னையைத் தாண்டி அரியலூருக்கும், கோவில்பட்டி மாரீஸ்வரன் வழியாகத் தெற்கத்திச் சீமைக்கும் போயிருக்கிறது. தமிழ்நாட்டு ஹாக்கியில் இந்த ஐம்பது ஆண்டில் நடந்த நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, பாரிஸ். 2024 ஆகஸ்ட் 4, காலிறுதி, பிரிட்டன். 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோகிதாஸின் மட்டை எதிராளி முகத்தில் பட்டது. சிவப்பு அட்டை. ரோகிதாஸ் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில் சௌனாமாரா கிராமத்தவர். சிம்டேகாவுக்கு எல்லைப்புற மாவட்டம் அது. இந்தியப் பின்வரிசையின் தூணே அவர்தான். பெனால்டி கார்னரில் கோல் கோட்டிலிருந்து பந்தை நோக்கி முதலில் பாய்ந்து, அடிப்பவர் முன்னால் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துகிற வேலையும் அவருடையது. அவர் இல்லாமல் பத்துப் பேர், பாக்கி 43 நிமிடம்.

பத்துப் பேரோடு ஆடும்போது எந்த இடத்தில் ஓட்டை விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் முழுக்க அந்த ஓட்டையை எதிரணி தேடிக்கொண்டே இருக்கும். இருந்தும் முதல் கோல் இந்தியாவுடையது, ஹர்மன்பிரீத், 22-ஆவது நிமிடம். லீ மார்ட்டன் ஐந்து நிமிடத்தில் சமன் செய்தார். அதற்குப் பிறகு இரண்டு கால் பகுதிகள் முழுவதும் பிரிட்டன் அலை அலையாக வந்தது. ஃபார்வர்டுகள் இறங்கி வந்து பின்வரிசையில் நின்றார்கள். ஓடிய கால்கள் இழுத்துக்கொண்டன. ஸ்ரீஜேஷ் கத்திக்கொண்டே இருந்தார். இடம் சொல்லி, பெயர் சொல்லி. 1-1 என்றே முடிந்தது. ஷூட் அவுட்டில் இந்தியா நான்கு முயற்சியில் நான்கும் போட்டது. பிரிட்டன் நான்கில் இரண்டைத்தான் போட்டது. 4-2. பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஒலிம்பிக் காலிறுதியை 43 நிமிடம் இழுத்துப் பிடித்து வென்ற இந்த ஆட்டத்தை, கோலாலம்பூர் அரையிறுதிக்கு அடுத்த இடத்தில் தயங்காமல் வைக்கிறேன். மாஸ்கோ இறுதியைக்கூட இதற்குக் கீழேதான் வைக்க முடிகிறது.

ரோகிதாஸுக்கு ஒரு ஆட்டத் தடை விதித்தார்கள். இந்தியாவின் முறையீட்டை ஏற்கவில்லை. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றபோது அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். ஆகஸ்ட் 8 அன்று ஸ்பெயினுக்கு எதிரான வெண்கல ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார். ஸ்பெயின் முதலில் கோல் போட, ஹர்மன்பிரீத் இரண்டு போட்டார், 2-1. கடைசி நிமிடங்களில் ஸ்பெயினுக்குக் கிடைத்த பெனால்டி கார்னர்களில் கோட்டிலிருந்து ஓடி வந்தவர் ரோகிதாஸ்.

அடுத்த பகுதியில் 1982 டெல்லி ஆசிய விளையாட்டு: பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்ற ஆண்கள் அணியும், அதே போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியும்.

(தொடரும்)